இரவல் மூத்திரம்

அந்த ஊரில் தாய்மார்கள் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பியது படிக்க வைக்க அல்ல, மூத்திரம் பெய்ய வைக்க. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு டானிக் சீசாவில் பெய்து கொடுக்கும். அம்மா மூடியை இறுக்கித் திருகி, சீசாவை அடிவயிற்றோடு சேர்த்துச் சேலைக்குள் செருகிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்புவாள். போய்ச் சேரும்வரை சூடு ஆறக் கூடாது. ஆறினால் கோப்பை கண்டுபிடித்துவிடும்.

நாசூக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கதை முழுக்கச் சிறுநீர் என்று வாசித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அளத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

கோப்பை டீக்கடை டம்ளரைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளை நிறம், மூடியில் ஒரு வளையம். உள்ளே பெய்து, மூடியைப் போட்டு, அதன்மேல் கட்டைவிரலை அழுத்தினால் கோப்பை சற்று யோசிக்கும். பிறகு வளையம் எரியும். பச்சை என்றால் இன்றைய வெயிலை உன் சிறுநீரகம் தாங்கும், வேலைக்குப் போ. மஞ்சள் என்றால் அரை நாள். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போ. வீட்டுக்குப் போனால் அன்றைக்குக் கூலி இல்லை என்பதைக் கோப்பை சொல்லாது. அதைக் கங்காணி சொல்வார்.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலை ஒட்டி இருந்தது அந்த அளம். வெயில் அப்போது பழைய வெயில் இல்லை. நின்றுகொண்டிருந்த ஆள் நின்றபடியே சாய்வது கோடைக்குக் கோடை நடந்தது. ஜெபசெல்வியின் புருஷன் ராஜதுரை அப்படித்தான் போனான். பாத்தியில் உப்பு வாரக் குனிந்தவன் நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் வெந்துபோய்விட்டது என்றார்கள். மகள் அக்ஸா அப்போது கைப்பிள்ளை. அந்தக் கோடையில் அவனைப் போலப் பலர் போனார்கள். அதற்குப் பிறகுதான் அளத்துச் சனம் மொத்தமும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்தது. பாத்தி ஓரத்தில் நிழல் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், பெண்கள் ஒதுங்க மறைவு வேண்டும், கடும் வெயில் நாளில் வேலை இல்லாவிட்டாலும் கூலி வேண்டும் என்று கேட்டது. ஜெபசெல்வியும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒரு கமிட்டி வந்தது. அது நிழலில் நாற்காலி போட்டு எல்லாவற்றையும் கேட்டது. பிறகு சட்டம் வந்தது. சட்டத்தோடு கோப்பை வந்தது.

"நெழலு கேட்டோம், தண்ணி கேட்டோம். மோளுததுக்கு ஒரு கோப்பைய தந்திருக்கானுவ," என்றாள் தங்கப்புஷ்பம். ஜெபசெல்வியோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள், அவளைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெட்டவெளியாக இருக்கிற இடத்தில் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் இரண்டு வாய், அதோடு வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான். கால் வலிக்கும், இடுப்பு வலிக்கும். அதற்கு வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். இப்படி வேலை செய்கிற ஒருத்தியின் மூத்திரத்தை ஊற்றினால் வளையம் எந்த நிறத்தில் எரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் பாதிப் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் மாதம் யாரோ ஒருத்தி சீசாவோடு வந்தாள். அவள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் எல்லோர் சேலையிலும் சீசா இருந்தது.

"விரலு நம்ம விரலு. மூத்திரம் ஆரு மூத்திரம்னு அதுக்கு எப்படிக்கா தெரியாம போவுது?" என்று ஜெபசெல்வி ஆரம்பத்தில் பயந்து கேட்டாள்.

"ஆளு அடையாளம் பாக்குத கோப்பையும் இருக்காம்ட்டி. அது வெல சாஸ்தியாம். இது டெண்டர்ல வந்தது. சூடு இருக்கா, மனுச மூத்திரமா, அம்புட்டுதான் பாக்கும். ஒனக்கென்ன, வீட்டுல தங்கம் மாதிரி பிள்ள இருக்கு. அதுட்ட வாங்கிட்டு வா. ஒண்ணு மட்டும் நெனப்புல வச்சுக்கோ. ஒருத்தி மாட்டுனா நாம அத்தன பேரும் மாட்டுவோம்."

ஜெபசெல்வி வாங்கிக்கொண்டு வந்தாள். பச்சை எரிந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் பச்சை எரிந்தது.

அக்ஸாவுக்கு ஒன்பது வயது. துறுதுறுவென்று இருப்பாள், கேள்வி கேட்டே ஆளைக் கொல்வாள். "எனக்கு வரலம்மா" என்று சீசாவோடு நின்றால் ஜெபசெல்வி செம்பிலிருந்து தண்ணீரைக் கையில் ஊற்றிச் சத்தம் காட்டுவாள். பிள்ளை சிரித்துக்கொண்டே பெய்துவிடும். குடும்பத்துக்குச் சம்பாதிப்பதில் தனக்கும் பங்கு உண்டு என்று அவளுக்கு ஒரு பெருமை.

ஒரு திங்கட்கிழமை வளையம் சிவப்பாக எரிந்தது.

ஜெபசெல்வி மூடியைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். சிவப்புதான். கோப்பை நிலையம் என்பது பாத்திகளுக்கு வெகு தூரத்தில், அளத்து வாசலில் தகரத்தால் அடைத்த ஓர் அறை, ஓரத்தில் மறைவுகள், நடுவில் ஒரு திரை. திரை தானாக உயிர் பெற்று, கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர் தெரிந்தார். பிரணவ் என்று பெயர். எங்கிருந்து பேசுகிறார் என்பது யாருக்கும் தெரியாது. பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"ஜெபசெல்வி, பயப்படாதீங்க. உங்க சிறுநீர்ல புரதம் ரொம்ப போகுது. சிறுநீரகம் ஓட்டை விழுந்த சல்லடை மாதிரி ஆகிட்டு வருது. ஆனா ஆரம்பக் கட்டம்தான். நல்லவேளை, கோப்பை சீக்கிரமே பிடிச்சிடுச்சு."

"எனக்கா சார்?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். காலையில் சீசாவை நீட்டிய பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் வீங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப புதுசா மாத்திரை வந்திருக்கு, தர்றோம்," என்றார் டாக்டர். "தினம் ஒண்ணு, அஞ்சு மாசம். நல்ல மருந்து. ஆனா ரெண்டு விஷயம். மாத்திரை போட்டா அதோட தடம் சிறுநீர்ல தெரியும். தடம் தெரியலன்னா கோப்பை எங்களுக்குச் சொல்லிடும், மாத்திரையை நிறுத்திடுவோம். இன்னொண்ணு, இந்த வைத்தியம் ஒருத்தருக்கு ஒரு தடவைதான். ரொம்ப விலை. அதனால ஒழுங்கா போடுங்க."

அன்றைக்கே அக்ஸாவைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே குழந்தைகள் டாக்டர் ஷாஹிதா பிள்ளையின் கண்ணிமையை அழுத்திப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் பிள்ளையை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"பெரியவங்களுக்கு வர்ற வெயில் நோய்தான். இப்ப பிள்ளைங்களுக்கும் வருது. தகரக் கூரை பள்ளிக்கூடம், உப்புத் தண்ணி, வேற என்ன சொல்ல? இதுக்கு மாத்திரை இருக்கு. ஆனா எங்களால தர முடியாது."

"ஏன் டாக்டரம்மா?"

"பிள்ளைங்களுக்குக் குடுக்க அனுமதி இல்ல. சோதிச்சுப் பாத்தாத்தான் அனுமதி வரும். சோதிக்க யாரும் முன்வரல. அளத்துல வேலை பாக்குறவங்க கிட்னி கெட்டா உப்பு வாராம கெடக்கும், அதனால அவங்களுக்கு மருந்து. பிள்ளைங்க கிட்னி கெட்டா யாருக்கு என்ன நஷ்டம்?" அவர் குரலில் இருந்த கோபம் ஜெபசெல்வி மேல் அல்ல.

ஜெபசெல்வி வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அந்த மாத்திரய பிள்ளைக்குக் குடுத்தா கேக்குமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் கிடந்த உப்பள அடையாள அட்டையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எடை பாத்துக் குடுக்குற மருந்து இல்ல அது. பெரியவங்களுக்கு ஒண்ணுன்னா பிள்ளைக்கும் ஒண்ணு. கேக்கும். நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க." கதவுவரை போனவளைத் திரும்பக் கூப்பிட்டார். "உங்க காலும் வீங்கியிருக்கே. உங்களுதையும் பாத்தீங்களா?"

"நின்னு நின்னு சோலி பாக்குத காலு டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே தெரியும். மகளுடையதை ஊற்ற ஆரம்பித்ததே தன்னுடையது சிவப்பில் எரிந்ததால்தான். மாத்திரை வந்த அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து, முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாத்திரை ஒன்று, ஆள் இரண்டு. தயங்கினாளா என்றால், தயங்கினாள். ஒரு நிமிஷம் தனக்காகவும் அழுதாள். அழக் கூடாது என்று சட்டம் இல்லையே. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள்.

"எனக்கா? எனக்கு என்ன சீக்கு?"

"ஒனக்குக் கிட்னியில சீக்கு. இது போட்டாச் சரியாயிரும்."

"இது எங்கம்மா வாங்குன?"

"கோப்பை இருக்குல்லா, அதுல ஒன் மூத்திரத்த ஊத்துனேன். செவப்பா எரிஞ்சிது. ஒடனே டாக்டரு மாத்திர தந்துட்டாரு. கோப்பைக்குக் கண்ணு இருக்கு பிள்ள. சீக்கக் கண்டுபிடிச்சு மருந்து தரும்."

பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொன்ன வார்த்தை அது. அக்ஸா அதை நன்றாகக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த மாதங்கள் வேடிக்கையானவை, வேடிக்கை என்று சொல்ல மனசு வந்தால். தினமும் காலையில் அக்ஸாவின் மூத்திரம் ஜெபசெல்வியின் பெயரில் கோப்பைக்குப் போனது. கோப்பை மாத்திரையின் தடத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டது. கூலி இல்லாத சில வாரங்களுக்குப் பிறகு சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் ஒரு நாள் பச்சையானது. திரையில் டாக்டர் பிரணவ் தோன்றி, "நல்ல முன்னேற்றம் ஜெபசெல்வி, உங்களைப் பாத்தாலே தெரியுது," என்றார். அவள் வெளியே வந்து தகரச் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

"என்னட்டி இது, தெனமும் இப்படியா?" தங்கப்புஷ்பம் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். "நீயும் ஆஸ்பத்திரியில போயி காமிச்சாத்தான் என்ன?"

"காமிச்சா படுக்கச் சொல்லுவாவ. படுத்தா வேல போவும். வேல போனா மாத்திர போவும். பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குக்கா."

"ரெண்டு மாசம் கழிச்சு?"

"அப்பொறம் பாத்துக்கிடலாம்."

ரெண்டு மாசம் கழித்து எதைப் பார்ப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை. வைத்தியம் ஒருவருக்கு ஒரு தடவைதான். ஜெபசெல்வியின் பெயரில் இருந்த தடவை மாத்திரை மாத்திரையாகக் கரைந்துகொண்டிருந்தது.

மாத்திரை முடிந்தது. அக்ஸாவின் முக வீக்கம் வடிந்தது. தெருவில் ஓடினாள், பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்துவிட்டு வந்தாள். ஷாஹிதா டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "தப்பிச்சிட்டா," என்றார். அன்றைக்கு ஜெபசெல்வி மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு.

அம்மாவின் கால் பானையாக வீங்கியதை அக்ஸா பார்த்தாள். இரவில் மூச்சு வாங்க உட்கார்ந்தே தூங்குவதைப் பார்த்தாள். வெளியே நடந்து போக முடியாமல் அம்மா அறை மூலையில் ஒரு வாளி வைத்துக்கொண்டாள். காலையில் அதைக் கொட்டிக் கழுவுவது அக்ஸாவின் வேலை. அதில் கொஞ்சம்தான் இருக்கும், பால் விடாத கட்டன்சாயா நிறத்தில், மேலே நுரையோடு.

"அம்மா, ஒனக்கும் கிட்னியில சீக்கா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. காலுவலி."

"அப்ப ஒன்னோடத ஏன் கோப்பையில ஊத்த மாட்டேங்க?"

"வாய மூடிட்டுச் சோறு தின்னு."

அக்ஸா வாயை மூடினாள். ஆனால் யோசிப்பதை நிறுத்தவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் அக்ஸாவும் அம்மாவோடு அளத்துக்கு வந்தாள். வழி நெடுக அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னவோ பரிசு கொடுக்கப் போகிறவள் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தாள். ஜெபசெல்விக்கு அதைக் கவனிக்கத் தெம்பில்லை. சீசா வயிற்றில் கதகதவென்று இருந்தது. மறைவுக்குள் போய், அரை இருட்டில் வழக்கம்போல் சீசாவைக் கோப்பையில் கவிழ்த்து, மூடி போட்டு, விரலை அழுத்தினாள்.

சிவப்பு.

அதுவும் பழைய சிவப்பு இல்லை. வளையம் விட்டு விட்டு எரிந்தது. திரையில் டாக்டர் பிரணவ் வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார். எதிரே இருந்த எண்களைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஜெபசெல்வி, உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். தன் உடம்பில் பயம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. அக்ஸாவுக்குத் திரும்ப வந்துவிட்டது. தப்பித்துவிட்டாள் என்றார்களே, மாத்திரை முழுசும் போட்டாளே, ஒரு நாள் தவறவில்லையே. கர்த்தரே, பிள்ளையை விட்டுவிடும் என்று வாய் முணுமுணுத்தது.

"நேத்து வரைக்கும் பச்சை. இன்னைக்கு இப்படி. எனக்கே புரியல," என்றார் டாக்டர். "ரெண்டு சிறுநீரகமும் அநேகமா முடிஞ்ச நிலையில இருக்கு. இந்த அளவோட ஒருத்தர் நடந்து வர்றதே ஆச்சரியம்."

"வேற மருந்து இல்லியா சார்? எவ்வளவு ஆனாலும், எங்க போனாலும்..."

"கொஞ்சம் பொறுங்க." அவர் எதையோ நகர்த்திப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "வலி மாத்திரை போடுறீங்களா? நெறைய போடுறீங்க போல. தினமுமா? ரொம்ப வருஷமா?"

ஜெபசெல்வி நிமிர்ந்தாள்.

"வலி மாத்திரையா சார்?"

"ஆமா. இதுல நல்லாவே தெரியுது. நேத்து வரைக்கும் தெரியல. அதுதான் குழப்பமா இருக்கு."

அக்ஸா வாழ்நாளில் வலி மாத்திரை போட்டதில்லை. வீட்டில் அதைப் போடுகிறவள் ஒருத்திதான். காலையில் அக்ஸா சீசாவை வெளியே இருந்து கொண்டுவந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. பிள்ளை கழுவ எடுத்துப் போன வாளி நினைவுக்கு வந்தது.

ஜெபசெல்விக்கு மளமளவென்று கண்ணீர் கொட்டியது. சந்தோஷம் தாங்கவில்லை. கோப்பையில் இருப்பது அக்ஸா இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள். முடிந்துபோனது தான்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவள் சிரித்தபோது திரையில் இருந்தவர் பயந்துவிட்டார்.

"ஜெபசெல்வி, நான் சொல்றது புரியுதா?"

"புரியுது சார்."

"ஒரு கேள்வி கேக்கணும். உண்மையைச் சொல்லுங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். ஆள் நல்லவர்தான், அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம். "இது உங்க சிறுநீர்தானா? வேற யாரோடதாவது தவறுதலா கலந்துடுச்சா? அப்படி ஒரு சந்தேகம் இருக்குன்னு நீங்க சொன்னா, நான் விசாரணைக்குப் போடுறேன். இதுவரைக்கும் உங்க பேர்ல வந்த மொத்த அளவையும் எடுத்து ஒப்பிட்டுப் பாப்பாங்க. உங்களோடது இல்லன்னு தெரிஞ்சா உங்க வேலை தப்பிக்கும். உங்களோடதுதான்னா, நீங்க ஏற்கெனவே ஒரு தடவை மருந்து எடுத்தாச்சு. மறுபடி தர எனக்கு வழியில்ல. அட்டையும் ரத்தாகும்."

மொத்த அளவையும் எடுத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிள்ளை தெரியும். ஒரு பிள்ளை தெரிந்தால் அடுத்த அட்டையையும் எடுத்துப் பார்ப்பார்கள். தங்கப்புஷ்பத்தின் பேரன் தெரிவான். பக்கத்துப் பாத்திக்காரியின் இரட்டைப் பிள்ளைகள் தெரிவார்கள். அளத்தில் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் வரிசையாகத் தெரிவார்கள். அப்புறம் அந்த வீடுகளில் உலை கொதிக்காது.

தன்னுடையது அல்ல என்று அவள் சொன்னால் அதை நம்பத் திரைக்குப் பின்னால் ஆள் தயாராக இருந்தார். இத்தனை காலம் அவள் பொய்யையே கொண்டுவந்து ஊற்றினாள், ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்குத்தான் கேட்கிறார்கள்.

"என்னோடதுதான் சார்," என்றாள்.

"நிச்சயமா?"

"வேற ஆரோடதும் இல்ல. என்னோடது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு வரிசை நீளம் என்றார், இருந்தாலும் பெயரைப் பதிந்து வைக்கச் சொன்னார். வேறு என்னென்னவோ சொன்னார். கழுத்து அட்டையைச் சுவரில் இருந்த கருவியில் வைக்கச் சொன்னார், கருவி அதை உள்ளே இழுத்துக்கொண்டது. திரும்பத் தரவில்லை.

வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தங்கப்புஷ்பம் அக்ஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடி வந்தது.

"என்ன கலரும்மா?"

ஜெபசெல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். வீக்கம் துளியும் இல்லாத முகம்.

"சொல்லும்மா, என்ன கலரு?"

"செவப்பு."

"ஆத்தாடி," என்று தங்கப்புஷ்பம் வாயில் கைவைத்தாள்.

அக்ஸா இரண்டு கையையும் தட்டிக் குதித்தாள். "நாந்தாம்மா! நாந்தான் செஞ்சேன்! நீ மோண்ட ஒடனே, சூடு ஆறுமுன்ன வாளியில இருந்து ஒன்னோடத எடுத்து சீசாவுல அடைச்சேன். கேட்டா நீ ஏசுவன்னு சொல்லல. எனக்குச் செவப்பு வந்தப்போ மாத்திர தந்தாங்கல்லா? இனி ஒனக்கும் தருவாங்கல்லா?"

தங்கப்புஷ்பம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஜெபசெல்விக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையில் மூக்கை வைத்து மோந்தாள். பயமாக இருந்தது. சாவுக்குப் பயம் கொஞ்சம். இந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் இந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார்க்குமே என்ற பயம் அதைவிட அதிகம். அன்றைக்கு, உன் தப்பு இல்லை என்று சொல்ல அவள் இருக்க மாட்டாள்.

"தருவாங்க," என்றாள்.

"எப்பம்மா?"

"நாளைக்கு."

"போட்டா ஒனக்கும் சரியாயிரும்லா?"

"சரியாயிரும் பிள்ள. ஒனக்குச் சரியாவலியா?"

அவ்வளவுதான் அக்ஸாவுக்கு வேண்டியிருந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்து காலிச் சீசாவை உருவிக்கொண்டு பாதையில் முன்னால் ஓடினாள். எதிரே வேலைக்கு வருகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முன்னாலும் நின்று, மூச்சு வாங்க, சீசாவைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்.

"எங்கம்மாவுக்குச் செவப்பு வந்துட்டு! எங்கம்மாவுக்கும் செவப்பு வந்துட்டு!"

பெண்கள் அவளைப் பார்த்தார்கள். பின்னால் தங்கப்புஷ்பத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வருகிற ஜெபசெல்வியைப் பார்த்தார்கள். சேலைக்கு மேலாக ஒரு தடவை சீசாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சூடு ஆறுமுன் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடந்தார்கள்.